ஃபைனல் ப்ராஜெக்ட் விருது: ஐ-ஸ்கூல் ஜட்ஜுங்க எதைப் பாக்குறாங்க, எது கண்ணுல படாம போகுது

இன்ஃபர்மேஷன் ஸ்டடீஸ், அதாவது தகவல பாதுகாத்து தேடினா கிடைக்க வைக்கறது பத்தின தகவலியல்ல மாஸ்டர்ஸ் பண்றவங்க கடைசி செமஸ்டர்ல ஒரு பெரிய ப்ராஜெக்ட் முடிச்சாகணும். இத சொல்லிக் குடுக்கிற பள்ளிங்களத்தான் ஐ-ஸ்கூல்னு சொல்றாங்க. சில இடத்துல கேப்ஸ்டோன்னு சொல்வாங்க, சில இடத்துல ஃபைனல் ப்ராஜெக்ட், சில இடத்துல மாஸ்டர்ஸ் பேப்பர். அதுல சிறந்ததுக்கு டிபார்ட்மென்ட் ஒரு விருது குடுக்கும். வெளில இருந்து பாத்தா ரொம்ப சின்ன விஷயம்தான், ஒரு சர்டிஃபிகேட், வெப்சைட்ல ஒரு போட்டோ, ரெஸ்யூமேல ஒரு வரி. ஆனா ஒரு துறை எதை நல்ல வேலைன்னு நினைக்குதுங்கறது அதோட சிலபஸ்ல தெரியறத விட அது யாருக்கு பரிசு குடுக்குதுங்கறதுல தெளிவா தெரியும், ஏன்னா அடுத்த பேட்ச் பசங்க சிலபஸ யாரும் உக்காந்து படிக்கிறதில்ல, போன வருஷம் எந்த ப்ராஜெக்ட் ஜெயிச்சுதுன்னு தான் பாக்குறாங்க, பாத்துட்டு அதே மாதிரி டாபிக் தேடுறாங்க. அப்படிப் பாத்தா இந்த சின்ன விருது அடுத்த வருஷத்து வேலையையும் சேத்து தீர்மானிக்குது.

இதுல என்ன சிக்கல்னு புரியணும்னா துறையோட கதை கொஞ்சம் தெரியணும். 1887-ல மெல்வில் ட்யூயி நியூயார்க்ல கொலம்பியா காலேஜ்ல நூலகர்களுக்குன்னு ஒரு பள்ளி ஆரம்பிச்சாரு, அமெரிக்காவுல அதுதான் முதல் லைப்ரரி ஸ்கூல். அதுக்கப்புறம் ரொம்ப காலத்துக்கு இந்தப் படிப்புன்னா கேட்டலாக் போடறது, வகைப்படுத்தறது, கேள்வியோட வர்றவங்களுக்கு பதில் தேடித் தர்றது, இவ்ளோதான். கம்ப்யூட்டர் வந்த பிறகு ஆட்டம் மாறிடுச்சு. 1974-ல சிரக்யூஸ் யுனிவர்சிட்டி தன் லைப்ரரி ஸ்கூலுக்கு ஸ்கூல் ஆஃப் இன்ஃபர்மேஷன் ஸ்டடீஸ்னு பேர் மாத்துச்சு. பெர்க்லி கதை இன்னும் நல்லா தெரியும் பாருங்க: 1926-ல நூலகவியல் பள்ளி, 1976-ல நூலகமும் தகவலியலும், 1990-கள் நடுவுல நூலகம்ங்கற சொல்லையே எடுத்துட்டு தகவல் மேலாண்மை, சிஸ்டம்ஸ்னு புதுசா தொடங்கினாங்க, 2006-ல வெறும் ஸ்கூல் ஆஃப் இன்ஃபர்மேஷன். மிச்சிகன் 1996-ல மாத்திடுச்சு. பேர் மாத்தாம இழுத்து மூடினவங்களும் உண்டு, எல்லாத்துக்கும் முதல்ல ஆரம்பிச்ச கொலம்பியாவே 1992-ல கதவ சாத்திடுச்சு. 2005 வாக்குல இந்தப் பள்ளிங்க எல்லாம் சேந்து ஐ-ஸ்கூல்ஸ்னு ஒரு அமைப்பு வச்சுக்கிட்டாங்க, இப்போ உலகம் பூரா நூத்துக்கு மேல உறுப்பினர்கள்.

இந்த வரலாறோட விளைவு என்னன்னா, ஒரே கிளாஸ்ல ஆவணக்காப்பகத்துக்குப் போக நினைக்கிறவர், ஆப், வெப்சைட் எப்படி கையாள வசதியா இருக்கணும்னு வடிவமைக்கிற யூஎக்ஸ் டிசைனர் ஆக நினைக்கிறவர், டேட்டா சயின்ஸ் ஆளு, ப்ரைவசி பாலிசி பேசறவர்னு நாலு திசையில இருந்து வந்தவங்க உக்காந்திருப்பாங்க, அவங்க கடைசியா செஞ்சு குடுக்கிற பொருளும் நாலு மாதிரி இருக்கும். ஒருத்தர் ஆப் செய்வார், ஒருத்தர் நூறு பக்க ஆய்வு எழுதுவார், இன்னொருத்தர் ஒரு பழைய சேகரிப்புக்கு மெட்டாடேட்டாவ, அதாவது ஒவ்வொரு பொருளப் பத்தின விவரக் குறிப்ப, முழுசா திருத்திக் குடுப்பார். இது எல்லாத்தையும் ஒரே மேடையில நிறுத்தி எது சிறந்ததுன்னு கேட்டா ஜட்ஜ் என்னதான் பண்ணுவார்?

பள்ளிங்க இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கு, விருதப் பிரிச்சிடறது. பெர்க்லில ரெண்டு வருஷ மாஸ்டர்ஸ் ப்ரோக்ராம்ல ஃபைனல் ப்ராஜெக்டுக்கு ஜேம்ஸ் ஆர். சென் பேர்ல விருது, ஆன்லைன்ல நடக்கிற டேட்டா சயின்ஸ் மாஸ்டர்ஸ் கேப்ஸ்டோனுக்கு ஹால் வேரியன் பேர்ல விருது, சைபர் செக்யூரிட்டி மாஸ்டர்ஸுக்கு லில்லி சாங் பேர்ல தனி விருது. வேரியன் யாருன்னா 1995-ல புதுசா தொடங்கின அந்தப் பள்ளியோட முதல் டீன், பொருளாதார நிபுணர், பிற்பாடு கூகுளோட தலைமைப் பொருளாதார வல்லுநரா ரொம்ப வருஷம் இருந்தவர். நூலகப் பள்ளியா இருந்த இடத்துல ஒரு பொருளாதார நிபுணர் டீனா வந்தாருங்கறதே அந்தத் துறை எந்தப் பக்கம் திரும்புச்சுன்னு சொல்லிடும்.

டாக்டரேட் பக்கம் வேற உலகம். ஐ-ஸ்கூல்ஸ் அமைப்பு வருஷா வருஷம் சிறந்த பிஎச்டி ஆய்வேட்டுக்கு விருது குடுக்குது. லைப்ரரி, தகவலியல் ஆசிரியர்களோட சங்கமான ஏலிஸ் யூஜின் கார்ஃபீல்ட் பேர்ல ஆய்வேட்டுப் போட்டி நடத்துது, கார்ஃபீல்ட்னா 1960-கள்ல சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் கொண்டுவந்தவர், இன்னிக்கு எந்தப் பேப்பர எத்தனை பேர் மேற்கோள் காட்டினாங்கன்னு எண்றோமே அந்த பழக்கமே அவர்கிட்ட இருந்து வந்ததுதான். 1937-ல ஆவணவியல் நிறுவனமா தொடங்கி இப்போ ஏசிஸ்டின்னு அழைக்கப்படற சங்கமும் ஆய்வேட்டுக்கு தனி விருது வச்சிருக்கு.

பிஎச்டி விருதுக்கும் மாஸ்டர்ஸ் ப்ராஜெக்ட் விருதுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் பரிசுத் தொகைல இல்ல. ஆய்வேட்ட ஜட்ஜ் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் படிக்கிறாரு, சந்தேகம் வந்தா திரும்பப் படிக்கிறாரு, அடிக்குறிப்பு பாக்குறாரு. ஃபைனல் ப்ராஜெக்ட பெரும்பாலும் பாக்குறாரு, அவ்ளோதான். ஒரு மதியம், வரிசையா ப்ரசன்டேஷன், ஒவ்வொரு டீமுக்கும் சில நிமிஷம், அப்புறம் ரெண்டு மூணு கேள்வி. ஸ்லைட் நல்லா இருக்கா, டெமோ ஓடுச்சா, பேசினவர் தெளிவா பேசினாரா, இதெல்லாம் தன்னால மார்க்குக்குள்ள வந்துடும். ஜட்ஜுங்க மேல தப்பு சொல்ல வரல, அவங்க நேர்மையாத்தான் பாக்குறாங்க, பாக்கறதுக்கு கண் முன்னாடி என்ன வைக்கறமோ அதத்தானே பாக்க முடியும்.

இப்போ ரெண்டு டீம கற்பனை பண்ணிக்குங்க. முதல் டீம் ஒரு மொபைல் ஆப் செஞ்சிருக்கு, கலரா இருக்கு, தொட்டா நகருது. ரெண்டாவது டீம் ஒரு ஆவணக்காப்பகத்தோட பழைய போட்டோ சேகரிப்புக்கு வேலை செஞ்சிருக்கு, பல வருஷமா பல பேர் டைப் பண்ணின ஸ்ப்ரெட்ஷீட், அதுல தேதிக்கான காலம (column) மட்டும் பாத்தா ஒரு வரில "1923", அடுத்த வரில "சுமார் 1923", அதுக்கடுத்து "1923?", இன்னொண்ணுல "இருபதுகளில்", கீழ "5/4/23", ஒண்ணுல "போருக்கு முன்", இன்னொண்ணுல வெறும் ஒரு கோடு. மனுஷன் படிச்சா எல்லாமே புரியும், கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் புரியாது. 1920-ல இருந்து 1929 வரைக்கும் எடுத்த போட்டோ காட்டுன்னு கேட்டா பாதி வராது. "5/4/23"-ங்கறது ஏப்ரல் அஞ்சா மே நாலா, 1923-ஆ 2023-ஆ? அந்த டீம் உக்காந்து ஒவ்வொண்ணுக்கும் போட்டோவ திருப்பி பின்பக்க முத்திரைய பாத்து, கூட வந்த கடிதத்த பாத்து, கண்டுபிடிக்க முடிஞ்சத கண்டுபிடிச்சு, முடியாதத முடியாதுன்னே பதிவு பண்ணுது. இதுக்குன்னு ஒரு ஸ்டாண்டர்டே இருக்கு, தேதி எழுதறதுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601-ஓட ரெண்டாம் பாகத்துல 2019-ல சேத்தாங்க, "1923~"-ன்னா சுமாரா 1923, "1923?"-ன்னா சந்தேகம், "1923%"-ன்னா ரெண்டும். தெரியாதத தெரியாதுன்னு கம்ப்யூட்டருக்குப் புரியற மாதிரி எழுதி வைக்கிற வழி இது. ரொம்ப அழகான யோசனைன்னு நான் நினைக்கிறேன்.

ஆனா இத டெமோல எப்படி காட்டுவீங்க? முன்னாடி ஒரு டேபிள், பின்னாடி ஒரு டேபிள். ஜட்ஜ் தலையாட்டிட்டு அடுத்த டீமுக்குப் போயிடுவார். பத்து வருஷம் கழிச்சு அந்த ஆப் எந்த போன்லயும் ஓடாது, திருத்தின தேதி காலம் இன்னும் யாரோ ஒரு ஆராய்ச்சியாளருக்கு சரியான போட்டோவ எடுத்துக் குடுத்துட்டு இருக்கும். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதினார்ல, உலகத்துல எந்த லைப்ரரி ஸ்கூல் போனாலும் முதல் வாரமே அத சொல்லிக் குடுத்துடுவாங்க, அதுல நாலாவது விதி வாசகரோட நேரத்த மிச்சப்படுத்துங்கறது. விருது மார்க் ஷீட்ல இந்த ஒரு விதிய ஒரு கட்டமா போட்டா போதும், இந்த ப்ராஜெக்ட் யாரோட நேரத்த எவ்ளோ மிச்சப்படுத்துச்சு, அத எப்படி அளந்தீங்க? ரெண்டாவது டீமுக்கு அப்போ பேச ஒரு இடம் கிடைக்கும்.

கண்ணுக்குத் தெரியாத வேலைன்னு சொல்றப்போ ஆப் எல்லாம் வெட்டின்னு சொல்றதா எடுத்துக்கக் கூடாது. மேடைல நல்லா தெரியாத, ஆனா வெளில போய் பெரிய அலை கிளப்பின ஒரு மாஸ்டர்ஸ் ப்ராஜெக்ட் இருக்கு, அத சொல்லணும். 2009-ல பெர்க்லி ஐ-ஸ்கூல்ல மூணு மாணவர்கள் சேந்து நோ-ப்ரைவசி (KnowPrivacy)-ன்னு ஒண்ணு பண்ணாங்க. வெப்சைட்டுங்க உங்கள எப்படி பின்தொடருது, ப்ரைவசி பாலிசில என்ன எழுதியிருக்கு, ரெண்டும் ஒத்துப்போகுதாங்கறது கேள்வி. அப்போ மக்கள் அதிகமா போற 100 சைட்ல 92-ல கூகுளோட ட்ராக்கர் ஏதாவது ஒண்ணு இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சாங்க. இன்னிக்கு கேட்டா இதுல என்ன இருக்குன்னு தோணும், 2009-ல சாதாரண ஆளுங்க யாருக்கும் இது தெரியாது. அதவிட முக்கியமானது பாலிசி பக்கத்துல அவங்க பாத்தது, நாங்க மூணாவது ஆளுங்களோட உங்க டேட்டாவ பகிர மாட்டோம்னு எழுதிட்டு, அதே பக்கத்துல மூணாவது ஆளோட ட்ராக்கர வச்சிக்க அனுமதி குடுக்கறது, அப்புறம் துணை நிறுவனங்களுக்கு குடுப்போம்னு ஒரு வரி போட்டுக்கறது, அந்த துணை நிறுவனங்க யாருன்னு படிக்கிறவருக்குத் தெரிய வழியே இல்லாதது.

அந்த மூணு பேர்ல ஒருத்தர் அஷ்கான் சொல்தானி. பிற்பாடு அமெரிக்க ஃபெடரல் ட்ரேட் கமிஷன்ல தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியா இருந்தார், 2013-ல அமெரிக்க அரசோட கண்காணிப்பு பத்தி வாஷிங்டன் போஸ்ட் எழுதின கட்டுரைகள்ல வேலை செஞ்சார், அந்தக் கட்டுரைகளுக்குத்தான் அடுத்த வருஷம் புலிட்சர் கிடைச்சுது, 2021-ல கலிபோர்னியா ப்ரைவசி பாதுகாப்பு ஏஜென்சியோட முதல் நிர்வாக இயக்குநர். ஒரு ஃபைனல் ப்ராஜெக்ட் ஒரு ஆளோட வாழ்நாள் வேலைக்கு விதையா இருக்க முடியும்ங்கறதுக்கு இத விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. அந்த ப்ராஜெக்ட்ல தொட்டா நகர்ற மாதிரி எதுவும் பெரிசா இல்ல, நல்ல கேள்வி இருந்துச்சு, பொறுமையா எண்ணினது இருந்துச்சு, எண்ணின விதத்த வெளிப்படையா எழுதி வச்சது இருந்துச்சு.

சரி, ஜட்ஜுங்க ஒத்துப்போறாங்களான்னு ஒரு கேள்வி வரும். இந்த இடத்துல தகவலியல் தன் வீட்டுப் பாடத்தையே எடுத்துப் பாக்கலாம். 1960-கள்ல இங்கிலாந்துல க்ரான்ஃபீல்ட்ல சிரில் க்ளெவர்டன்னு ஒரு நூலகர் தேடல் முறைகள எப்படி சோதிக்கறதுன்னு ஒரு வழி போட்டார், ஆவணங்கள், கேள்விகள், எந்தக் கேள்விக்கு எந்த ஆவணம் பொருத்தம்னு மனுஷங்க சொன்ன தீர்ப்பு, இந்த மூணும் வேணும். 1992-ல அமெரிக்க அரசோட தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் தொடங்கின, தேடல் சிஸ்டங்கள ஒப்பிட்டுப் பாக்குற டிரெக் போட்டி இன்னிக்கு வரைக்கும் அந்த வழியில தான் ஓடுது. ஆனா தீர்ப்பு சொல்ற மனுஷங்க ஒத்துப்போகலன்னா என்ன ஆகும்? நிஸ்ட் ஆராய்ச்சியாளர் எலன் வூர்ஹீஸ் 1990-கள் கடைசில இத சோதிச்சாங்க, ஒரே தலைப்புக்கு, அதாவது ஒரே தேடல் கேள்விக்கு, வேற வேற ஆளுங்கள தனித்தனியா தீர்ப்பு சொல்ல வச்சாங்க. பொருத்தம்னு ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தராவது சொன்ன ஆவணங்கள்ல ரெண்டு பேருமே சேந்து சொன்னது பாதி கூட வரல, நாப்பது சதவீதத்துக்கு மேல, அம்பதுக்குக் கீழ. மூணு பேரையும் எடுத்தா முப்பது சதவீதம் பக்கம் இறங்கிடுது. பயிற்சி உள்ளவங்களே இப்படி.

ஆனா அதே ஆய்வுல ஒரு ஆறுதலான விஷயமும் இருக்கு, தனித்தனி தீர்ப்பு இவ்ளோ மாறினாலும் எந்த தேடல் சிஸ்டம் முதல், எது ரெண்டாவதுங்கற வரிசை பெருசா மாறவே இல்ல. காரணம் ஐம்பதுக்கு ஒட்டின தலைப்புகளோட சராசரி எடுத்தாங்க, ஒருத்தரோட விருப்பு வெறுப்பு அதுல கரைஞ்சு போயிடுது. விருது நாள்ல அந்த வசதி கிடையாது. மூணு ஜட்ஜ், ஒரு டீம், ஒரு தடவை. அதனால டிரெக்ல நிலைச்சு நின்ன வரிசை இங்க நிக்கும்னு எதிர்பாக்க முடியாது, முதல் இடத்துக்கும் நாலாவது இடத்துக்கும் நடுவுல இருக்கிற அரை மார்க் வித்தியாசம் பெரும்பாலும் யார் ஜட்ஜா வந்தாங்கங்கறத தான் காட்டுது. நான் சொல்றது என்னன்னா ஒரே ஒரு சிறந்த ப்ராஜெக்ட்னு அறிவிக்கறத விட ஒரு தரத்த தாண்டின எல்லாத்துக்கும் பாராட்டு குடுக்கறது அந்த எண்களுக்கு நேர்மையா இருக்கும். அப்புறம் ஜட்ஜுங்க ஒண்ணா உக்காந்து பேசறதுக்கு முன்னாடி தனித்தனியா மார்க் எழுதிடணும், இல்லன்னா யார் முதல்ல வாய் திறக்கறாங்களோ அவங்க மார்க் தான் எல்லாரோட மார்க்கும்.

யூசர் டெஸ்டிங் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா ஒவ்வொரு ப்ரசன்டேஷன்லயும் இது வரும். அஞ்சு பேர வச்சு சோதிச்சோம், அஞ்சு பேர் போதும்னு ஆய்வு சொல்லுதுன்னு ஸ்லைட் போடுவாங்க. யேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-ல போட்ட கணக்குல இருந்து வந்தது அது, ஒரு யூசர் சராசரியா 31 சதவீத பிரச்சினைய கண்டுபிடிப்பார்னு வச்சா அஞ்சு பேர் சேந்தா 85 சதவீதம் பக்கம் வந்துடும்னு. அந்தக் கணக்கு திரைல இருக்கிற குறைகள கண்டுபிடிக்கறதுக்கு. இந்த ஆப் மக்களுக்கு உதவுதுன்னு நிரூபிக்க அஞ்சு பேர் போதும்னு அதுல எங்கயும் இல்ல. ஜட்ஜ் இந்த ஒரு கேள்விய கேட்டா போதும், அஞ்சு பேர்கிட்ட என்ன கத்துக்கிட்டீங்க, அதனால எத மாத்தினீங்க? உண்மையா சோதிச்ச டீம் மடமடன்னு சொல்லும், பேருக்கு சோதிச்ச டீம் எல்லாருக்கும் புடிச்சிருந்துதுன்னு சொல்லும்.

டீம் ப்ராஜெக்ட்ல இன்னொரு தலைவலி, யார் என்ன செஞ்சாங்க. விருது டீமுக்கு, வேலை இன்டர்வியூ தனி ஆளுக்கு. மேடைல பேசினவர் பேர் நிக்கும், மூணு மாசம் நேர்காணல் எடுத்து எழுத்தாக்கம் பண்ணினவர் பேர் கரைஞ்சு போயிடும். ஆய்வுப் பத்திரிகை உலகத்துல இதுக்கு ஒரு தீர்வு வந்திருக்கு, க்ரெடிட்னு ஒரு பட்டியல், 14 பங்கு இருக்கு அதுல, யோசனை சொன்னது, டேட்டாவ சுத்தப்படுத்தி பராமரிச்சது, சாஃப்ட்வேர் எழுதினது, சரிபாத்தது, முதல் வரைவு எழுதினதுன்னு. இதுல டேட்டா பராமரிப்புக்குன்னு தனியா ஒரு பங்கு இருக்குங்கறது எனக்கு ரொம்ப சந்தோஷமான விஷயம். விருது விண்ணப்பத்துல அரைப் பக்கத்துல இத நிரப்பச் சொன்னா யாருக்கும் கஷ்டமில்ல, டீமுக்குள்ள நடக்கிற பாதி சண்டை அந்த அரைப் பக்கத்த சேந்து எழுதும்போதே தீந்துடும், இல்லன்னா கடைசி நாளுக்கு முன்னாடியே வெளில வந்துடும், அதுவும் நல்லதுதான்.

இப்போ எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டப்படற இடம். தகவல பாதுகாக்கறது, தேடினா கிடைக்க வைக்கறது, இதுதான் இந்தத் துறையோட மூச்சு. அந்தத் துறை குடுத்த விருதுப் பட்டியல எடுத்து பழைய ப்ராஜெக்ட் லிங்க க்ளிக் பண்ணிப் பாருங்க, எத்தனை திறக்குதுன்னு. டொமைன் புதுப்பிக்கல, சர்வர் மாணவரோட க்ரெடிட் கார்டு காசுல ஓடிட்டு இருந்துச்சு, அவர் படிச்சு முடிச்சு போயிட்டார். இது இந்தப் பள்ளிங்களுக்கு மட்டும் வந்த வியாதி கிடையாது, ப்யூ ரிசர்ச் சென்டர் 2024-ல வெளியிட்ட ஆய்வுல 2013-ல இருந்த வெப் பக்கங்கள்ல 38 சதவீதம் பத்து வருஷத்துல காணாம போயிடுச்சுன்னு வந்துச்சு. ஹார்வர்ட்ல பண்ணின இன்னொரு ஆய்வுல அமெரிக்க உச்ச நீதிமன்ற தீர்ப்புகள்ல மேற்கோளா குடுத்த லிங்குங்கள்ல பாதி பக்கம் சொன்ன இடத்துக்குப் போகலன்னு கண்டாங்க. உச்ச நீதிமன்றத்துக்கே அந்த நிலைமைன்னா மாணவர் ப்ராஜெக்ட்ட கேக்கவே வேணாம்.

ஆய்வேடுங்க இந்த விஷயத்துல முன்னாடி போயிடுச்சு. வர்ஜீனியா டெக் 1997-லயே எல்லா ஆய்வேட்டையும் மின்வடிவுல குடுத்தாகணும்னு சட்டம் போட்டுச்சு, அதுக்கு முந்தின வருஷம் தொடங்கின ஒரு கூட்டமைப்பு இன்னிக்கு உலகம் பூரா ஆய்வேடுகள தேடிப் படிக்க வழி பண்ணி வச்சிருக்கு. மாஸ்டர்ஸ் ப்ராஜெக்டுக்கு அந்த மாதிரி கட்டாயம் பல இடத்துல இல்ல, ஏன்னா அது ஒரு ஃபைலா இருக்காது, ப்ரோக்ராம் கோடு, டேட்டா, வீடியோ, டிசைன், ரிப்போர்ட்னு சிதறிக் கிடக்கும். ஆனா வழி இருக்கு. 2013-ல ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகமான செர்ன் தொடங்கின ஸெனோடோங்கற ஆய்வுக் களஞ்சியத்துல யார் வேணா இலவசமா போடலாம், டிஓஐங்கற மாறாத அடையாள எண் கிடைக்கும், கோட் சேத்து வைக்கிற கிட்ஹப் தளத்துல இருக்கிற ப்ரோக்ராம நேரா அங்க பத்திரப்படுத்தலாம். யுனிவர்சிட்டி லைப்ரரியோட சொந்த களஞ்சியம் இருந்தா இன்னும் நல்லது. ஆய்வு டேட்டாவுக்காக 2016-ல வந்த ஃபேர் கொள்கைகள் சொல்றதும் இதத்தான், கண்டுபிடிக்க முடியணும், எடுக்க முடியணும், மத்ததோட சேந்து வேலை செய்யணும், திரும்பப் பயன்படுத்த முடியணும். கிளாஸ்ல இத பாடமா நடத்திட்டு விருது நாள்ல கேக்காம விட்டா மாணவர் எத எடுத்துட்டுப் போவாங்க? களஞ்சியத்துல போட்டு டிஓஐ வாங்கின பிறகுதான் விண்ணப்பம் ஏத்துக்கப்படும்னு ஒரே ஒரு வரி, ஒரு பைசா செலவில்லாம அடுத்த வருஷமே நிலைமை மாறிடும்.

கூடவே ஒரு எச்சரிக்கை, எல்லாத்தையும் திறந்து போடக் கூடாது. அகதிகள்கிட்ட, நோயாளிகள்கிட்ட, சிறைல இருந்து வந்தவங்ககிட்ட பேசி செஞ்ச ப்ராஜெக்ட் நிறைய வருது, அவங்க குடுத்த சம்மதம் எதுக்குன்னு பாக்கணும். நேர்காணல் பதிவ களஞ்சியத்துல போடறது சம்மதத்துல இல்லன்னா போடக் கூடாது, என்ன பண்ணினோம், எப்படி கேட்டோம், ஏன் பதிவு இங்க இல்லங்கறத மட்டும் எழுதி வைக்கலாம். அப்படி எழுதி வச்ச டீமுக்கு மார்க் குறையக் கூடாது, கூடணும்.

விருதே வேணாம்னு சொல்றவங்களும் இருக்காங்க, பரிசு ஆர்வத்த கெடுக்கும்னு. இதுக்கு ஆதாரமா 1973-ல லெப்பர், க்ரீன், நிஸ்பெட் பண்ணின சோதனைய சொல்வாங்க, படம் வரையறதுல ஆசையா இருந்த சின்னப் பசங்ககிட்ட வரைஞ்சா ரிப்பன் வச்ச சர்டிஃபிகேட் தர்றோம்னு முன்கூட்டியே சொல்லிட்டு வரைய வச்சாங்க, கொஞ்ச நாள் கழிச்சு பாத்தா அந்தப் பசங்க தானா வரையற நேரம் மத்தவங்கள விட கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சு போச்சு. ஆனா முன்னாடி சொல்லாம பிற்பாடு அதே சர்டிஃபிகேட் குடுத்த பசங்களுக்கு ஒண்ணும் குறையல. மூணு நாலு வயசுப் பசங்களோட சோதனைய இருபத்தஞ்சு வயசு ஆளுக்கு அப்படியே பொருத்த முடியாதுன்னாலும், ஒரு விஷயம் எடுத்துக்கலாம், ப்ராஜெக்ட் தொடங்கற அன்னிக்கே ஜெயிக்கறதுக்குன்னு டாபிக் எடுத்தா வேலை வேற மாதிரி போகும். என் அனுபவத்துல பசங்களுக்கு விருத விட ஆசையா இருக்கிறது யாராவது தன் வேலைய முழுசா படிச்சு ரெண்டு பத்தி எழுதிக் குடுக்கறது. ஜெயிச்ச டீமுக்கு மட்டும் இல்ல, எல்லா டீமுக்கும் ஜட்ஜ் எழுதின குறிப்பு போகணும். மேல ஏறாத டீமுக்கு அதுதான் அந்த நாளோட பலன்.

விண்ணப்பிக்கப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். சுருக்கத்துல முதல் வரில டூல் பேர் வேணாம், யார் என்ன தேடி கிடைக்காம நின்னாங்கன்னு எழுதுங்க. அடுத்து நீங்க பாத்த ஒரே ஒரு உண்மையான உதாரணம், அந்த தேதி காலம் மாதிரி. அப்புறம் நீங்க விட்டது எது, ஏன் விட்டீங்க. பெரும்பாலான சுருக்கத்துல இந்த மூணாவது இருக்கவே இருக்காது, ஜட்ஜோட நம்பிக்கைய சம்பாதிக்கறது அதுதான்.

பள்ளிங்க செய்யக்கூடிய இன்னொண்ணு, ரொம்ப நாளா யாராவது செய்வாங்களான்னு நான் எதிர்பாத்துட்டு இருக்கிறது. ஆராய்ச்சி மாநாடுகள்ல காலத்தைத் தாண்டி நின்ன பேப்பருக்குன்னு விருது குடுக்கறாங்க. டேட்டாபேஸ் ஆளுங்களோட சிக்மாட் மாநாடு 1999-ல இருந்தே பத்து வருஷப் பழைய பேப்பர திரும்ப எடுத்துப் பாக்குது. உலகளாவிய வலை மாநாட்டுல 2015-ல முதல் தடவை அந்த மாதிரி விருது குடுத்தப்போ அது போனது செர்கே பிரின், லாரி பேஜ் ரெண்டு பேரும் ஸ்டான்ஃபர்ட்ல மாணவர்களா இருந்தப்போ 1998-ல வெளியிட்ட தேடுபொறி பேப்பருக்கு. அதே மாதிரி மாஸ்டர்ஸ் ப்ராஜெக்டுக்கும் அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு விருது வைக்கலாம். டெமோ கிடையாது, ஸ்லைட் கிடையாது, மாணவர் வரவே வேணாம். லிங்க் திறக்குதா, டேட்டாவ வேற யாராவது எடுத்துப் பயன்படுத்தினாங்களா, யாருக்காக செஞ்சாங்களோ அந்த நூலகமோ ஆவணக்காப்பகமோ இன்னும் அத வச்சு வேலை பாக்குதா, அங்க புதுசா சேந்த ஊழியர் கூட குறிப்பப் படிச்சே கையாளற மாதிரி இருக்கா? பழைய பட்டியலும் லிங்குங்களும் ஏற்கனவே பள்ளி வெப்சைட்லயே கிடக்கு, ஆவணப் பாதுகாப்பு பாடம் எடுக்கிற வகுப்புக்கு ஒரு அசைன்மென்ட்டா குடுத்தாலே முதல் சுத்து முடிஞ்சிடும்.